காணாமல் போகாத பிள்ளை

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே, பாக்கியமேரி எஸ்.டி.டி. பூத் வைத்தது 1993-ஆம் வருடம். அதுவரைக்கும் மனிதர்களைப் பற்றி அவளுக்குத் தனியாக ஒரு அபிப்பிராயம் இருந்ததில்லை. பூத் வைத்து ஒரு வருடம் முடிவதற்குள் வந்துவிட்டது. அது நல்ல அபிப்பிராயமாக இல்லை.

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்று நம்பிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் கேட்டது. பம்பாய்க்குப் பேசுகிறவன் போனே இல்லாமல் பம்பாய்க்குக் கேட்கும்படி கத்தினான். காதலிக்கிறவன் ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டே “அப்புறம்?” என்றான், அந்தப் பக்கத்தில் இருந்தவள் “நீதான் சொல்லணும்” என்றிருப்பாள் போல, மறுபடியும் “அப்புறம்?” என்றான். சாவுச் செய்தி சொல்ல வந்த ஒருத்தர் முதலில் அங்கே மழையா என்று விசாரித்து, மாடு கன்று போட்டதைச் சொல்லி, போனை வைக்கிற நேரத்தில் “ஆங், சொல்ல மறந்துட்டேன், பெரியப்பா போயிட்டாரு” என்றார். இதற்குத்தானா கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஊருக்கு ஊர் இணைப்புக் கொடுத்தார்கள் என்று பாக்கியமேரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி நினைத்துக்கொள்வாள்.

அந்த வருடங்களில் அவளைப் பெண் பார்க்கச் சில இடங்களிலிருந்து வந்தார்கள். கடைசியாக வந்த மாப்பிள்ளை அவளைப் பார்க்காமல் பூத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “கல்யாணத்துக்கு அப்புறம் இத நானே பாத்துக்கிறேன்” என்றான். “அதான் பாத்துட்டீங்களே, கெளம்புங்க” என்று அனுப்பிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. தம்பி சவரிநாதனுக்கு விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. அவன் அங்கேயே கல்யாணம் முடித்துக் குடிபோனான். அவனுக்கு ஒரே பெண், ஆஷ்லின்.

செல்போன் வந்து பூத்தில் கூட்டம் குறைந்தபோது பாக்கியமேரி வருத்தப்படவில்லை. 2002-இல் கண்ணாடி அறையை எடுத்துவிட்டு, பிளைவுட் தடுப்பு அடித்து, கம்ப்யூட்டர் போட்டு, ‘மேரி பிரவுசிங் சென்டர்’ என்று போர்டு மாட்டினாள். முன்பு காதால் கேட்டதை இனிமேல் கண்ணால் பார்க்கவேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான்.

மோடம் கழுத்தைத் திருகிய கோழி மாதிரி கத்திக் கத்தி இணைப்பு வாங்கும். வாங்கிய இணைப்பை, அந்த லைனுக்கு எவனாவது ராங் நம்பர் போட்டு அறுத்துவிடுவான். பிறகு பிராட்பேண்ட் வந்தது. அது மழை பெய்தால் போகும், வெயில் அடித்தால் போகும், ரோட்டில் குழி தோண்டினால் போகும். இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டு வீணை வாசிப்பார்கள். வீணை ஓய்ந்து ஒரு ஆள் எடுத்தால், “மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்” என்பான். உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் அவர்கள் கையில் அந்த ஒரே மாத்திரைதான் இருந்தது.

கம்பெனிக்காரன் ஒரு பக்கம் என்றால் கடைக்கு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். “பாஸ்வேர்டு மறந்துபோச்சி. ஒங்க கம்ப்யூட்டர்தானே, அதுக்குத் தெரியாதா?” என்று கேட்டார்கள். பிளஸ் டூ ரிசல்ட் அன்று, அந்த வெப்சைட் திறக்காததற்கு அவள் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். இன்டர்நெட்டை மொத்தமாக ஒரு சிடியில் போட்டுக் கொடுக்கச் சொன்ன வக்கீல் ஒருத்தரும் உண்டு.

அவள் சொந்தமாக வெப்சைட் தொடங்கியதே ஒரு எரிச்சலில்தான். இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் அவள் கடையில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு ‘ஹோம் பேஜ்’ செய்தான். கறுப்புப் பின்னணி, உதிர்கிற நட்சத்திரம், வலமிருந்து இடமாக ஓடுகிற ‘வெல்கம் டு மை வேர்ல்டு’. அந்த வேர்ல்டுக்குள்ளே போனால் அவனுடைய பைக்கின் படம் மட்டும் இருந்தது. அவன் போன பிறகு பாக்கியமேரி அந்தப் பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருந்த நிரலைத் திறந்து பார்த்தாள். இந்த மூஞ்சிக்கு ஒரு வேர்ல்டு இருக்கும்போது நமக்கு என்ன கேடு என்று தோன்றியது. அடுத்தவர்கள் செய்த பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். 2005-இல் ‘பாக்கியமேரியின் பக்கம்’ வந்துவிட்டது.

அதில் அவள் எழுதியதெல்லாம் பூத்தில் கேட்டதும் சென்டரில் பார்த்ததும்தான். சின்னச் சின்னக் குறிப்புகள். யார் பெயரும் இருக்காது, யாரையும் விட்டுவைத்திருக்கவும் மாட்டாள். எழுதுவது சுலபமாக இருந்தது, அதை ஒழுங்காகக் காட்டுவதுதான் பேஜாராக இருந்தது. அவள் கடையில் தமிழாகத் தெரிந்த பக்கம் வெளியூரில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துருவை மாற்றி எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள். இலவசமாக இடம் கொடுத்த அமெரிக்கக் கம்பெனி, அவள் எழுத்தின் தலைமேல் ‘உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது’ என்று ஒரு பட்டையை மினுக்கிக்கொண்டே இருந்தது. கருத்துச் சொல்ல இடம் விட்டால், ‘அருமையான பதிவு, குளியலறை டைல்ஸுக்கு எங்களை அணுகவும்’ என்று வந்தது. உண்மையாகப் படித்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். துபாயில் ஒருத்தர், நெய்வேலியில் ஒருத்தர், கனடாவிலிருந்து ஒரு அம்மாள். அவளுக்கு அது போதும். ஊரெல்லாம் வந்து படிக்கவேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. ஊரை அவளுக்குத் தெரியும்.

2008 கிறிஸ்துமஸுக்கு விழுப்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆஷ்லினுக்கு ஏழு வயது. அவளுக்குப் பிடிக்காத ரோஸ் கவுனை அவள் அம்மா வம்பாக மாட்டிவிட்டிருந்தாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, கேமராவை முறைத்தது. பாக்கியமேரிக்கு அந்த முகம் ரொம்பப் பிடித்திருந்தது. குடும்பத்தில் தன்னைப்போல ஒருத்தி பிறந்திருக்கிறாள் என்று நினைத்தாள். ‘எங்கள் வீட்டுப் பிள்ளை பண்டிகை கொண்டாடும் அழகு’ என்று எழுதி, படத்தைத் தன் பக்கத்தில் போட்டாள். யாரும் படத்தைக் காப்பி எடுக்க முடியாதபடி பக்கத்தில் ஒரு பூட்டும் வைத்தாள். அந்தப் பூட்டின் லட்சணம் அடுத்த வருடம் தெரிந்தது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் முத்துசாமி அவள் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். தனக்கு வருகிற மெயில்களில் ‘பத்து பேருக்கு அனுப்பவும்’ என்று இருந்தால் இருபது பேருக்கு அனுப்புவார். கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்குப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கும் ஒரு மெயிலைத் திறந்து, “கலர்ல நூறு காப்பி போடும்மா” என்றார். பிரின்டர் முனகியபடி முதல் தாளைத் தள்ளியது. ரோஸ் கவுன், பிதுங்கிய உதடு, மேலே கொட்டை எழுத்தில் ‘காணவில்லை’. கீழே, ‘பெயர் பூஜா. பெங்களூரில் கடத்தப்பட்டாள். தாய் தந்தையர் கதறுகிறார்கள். மனிதநேயம் இருந்தால் பகிரவும்’ என்று எழுதி ஒரு செல் நம்பரும் இருந்தது.

பாக்கியமேரி பிரின்டரை நிறுத்தினாள். “இது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“எந்த ஊட்டுப் புள்ளயோ, பாவம்.”

“இது எங்க தம்பி பொண்ணு.”

முத்துசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயய்யோ! எப்பம்மா காணாமப் போச்சி?”

“காணாமல்லாம் போவல. விழுப்புரத்துல படிச்சிக்கினு இருக்கு. காலையிலகூட பேசினேன்.”

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “எதுக்கும் ஜல்தி போன் போட்டு இன்னொரு தரம் கேட்டுக்கம்மா. மெயில்லயே போட்டிருக்கான், சும்மாவா போடுவான்?”

அவள் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். முத்துசாமி எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துப் பேருந்து நிலையத்துத் தூண்களில் ஆஷ்லின் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். வேறு கடையில் பிரின்ட் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, “மனசு கேக்கலம்மா” என்றார். பாக்கியமேரி சில தூண்களில் கிழித்தாள். கிழிக்கக் கிழிக்க அவர் ஒட்டினார்.

படத்தை முதலில் திருடியவன் யார், எதற்காக இப்படிச் செய்தான் என்பது கடைசிவரை தெரியவில்லை. தன் கடையிலேயே உட்கார்ந்து எடுத்திருப்பான் என்றுகூட அவளுக்குச் சந்தேகம் உண்டு. தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். “வுடுக்கா, எத்தினி பேரு பாத்திருப்பான்?” என்றான். அவள் படத்தைத் தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு புதுப் பக்கம் எழுதினாள். தலைப்பு, ‘இந்தப் பிள்ளை காணாமல் போகவில்லை’. படம் எங்கிருந்து திருடப்பட்டது, பிள்ளை எங்கே இருக்கிறாள், மெயிலில் உள்ளது எப்படிப் பொய் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. அடையாளத்துக்குத் திருட்டு மெயிலையும் கீழே ஒட்டியிருந்தாள்.

அந்தப் பக்கத்துக்கு வந்த கூட்டம் அதுவரை அவள் எழுதிய எதற்கும் வந்ததில்லை. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நேராகக் கருத்துப் பெட்டிக்குப் போனார்கள். ‘பூஜா சீக்கிரம் கிடைக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.’ ‘பெற்ற வயிறு எப்படித் துடிக்கும்.’ ‘கடத்தியவனை நடுரோட்டில் சுடவேண்டும்.’ முதலில் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள். பிறகு, ‘மேலே உள்ளதைப் படிக்கத் தெரியுமா?’ என்று மட்டும் எழுதினாள். அதற்கு ஒருத்தி, ‘துக்கத்தில் இருக்கிறவர்கள் கோபப்படுவது சகஜம், தைரியமாக இருங்கள் சகோதரி’ என்று ஆறுதல் சொல்லியிருந்தாள். பாக்கியமேரி திரையை அணைத்துவிட்டு ஜூஸ் கடைக்குப் போய் நின்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் மேலேயே அன்றைக்கு அவளுக்குக் கோபம்.

இதற்கு நடுவில் ஒருநாள், கட்டம் போட்ட லுங்கியும் முண்டாசுமாக ஒரு ஆள் கடை வாசலில் வந்து நின்று கத்தினார். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பம். பெயர் வீரமுத்து. மீன் பிடிக்கிறவர். தூணில் நோட்டீஸ் ஒட்டியது யார் என்று விசாரித்து முத்துசாமியைப் பிடித்திருக்கிறார். முத்துசாமி கையை இந்தப் பக்கம் காட்டிவிட்டார்.

“நீதான் அந்தப் புள்ளைக்கு அத்தையாமே. என் நம்பர எதுக்கும்மா போட்ட?”

“நான் போடல. என் படத்த எடுத்தவன்தான் ஒங்க நம்பரையும் போட்டிருக்கான்.”

“ஊர்ப்பட்டவன் போன் பண்றான். தமிழ்ல பண்றான், இந்தில பண்றான். வலைய இழுத்துக்கினு இருக்கும்போது பண்றான். ஒருத்தி அழுவுறா. எங்க ஊட்ல எம் பொண்டாட்டி தைலம்மா இன்னா கேக்குறா தெரியுமா? எந்த ஊர்ல எவகிட்ட பெத்த புள்ளடான்னு கேக்குறா!”

“நம்பர மாத்திடுங்க.”

“எல்லா வியாபாரியும் இந்த நம்பருக்குத்தான் போடுறான். நான் ஏன் மாத்தணும்? தப்பு பண்ணது நானா?”

அந்தக் கேள்வி பாக்கியமேரிக்குப் பிடித்துப்போயிற்று. உட்காரச் சொன்னாள். இந்த விவகாரத்தில் அவளைப் போலவே உருப்படியாகக் கோபப்பட்ட ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவர் கண்டுபிடித்திருந்த வழி அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் வீரமுத்து போனில் உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் விடவில்லை. அப்படியென்றால் நீ யார், நம்பர் எப்படி வந்தது, பிள்ளையை மறைத்து வைத்திருக்கிறாயா என்று நோண்டினார்கள். இப்போது போன் வந்தால், “கெடச்சிடுச்சிங்க, ரொம்ப நன்றி” என்று சொல்லிவிடுகிறாராம்.

“உடனே வச்சிடுறான். சந்தோசமா வச்சிடுறான்.”

“அது பொய்யில்ல?”

“காணாமப் போச்சின்றதே பொய்தானம்மா? பொய்யில காணாமப் போன புள்ள பொய்யிலதான் கெடைக்கும்.”

“நீங்க இப்டி சொல்லச் சொல்ல, காணாமப் போனது நெசந்தான்னு ஆவுது. அது புரியல ஒங்களுக்கு?”

அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் கவலையில்லை. கொஞ்ச நாளில் புதிதாக ஒரு மெயில் சுற்றியது. ‘சிறுமி பூஜா கிடைத்துவிட்டாள்! நீங்கள் பகிர்ந்ததே காரணம்! தொடர்ந்து பகிருங்கள்!’ படம் அதேதான். பாக்கியமேரி வீரமுத்துவுக்குப் போன் செய்து வாயில் வந்தபடி திட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே, “கடல்ல இருக்கறேன், வைக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

2010 கோடை லீவில் சவரிநாதன் மகளை அத்தை வீட்டில் விடுவதற்காக விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்தான். திண்டிவனத்தில் இறங்கியதும் ஆஷ்லின் ஐஸ்கிரீம் கேட்டாள். சளி பிடித்திருந்ததால் அவன் வாங்கித் தரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டு கத்தினாள். அவன் கையைப் பிடித்து இழுத்தான். பக்கத்துத் தூணின் கீழே வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்சா இதைப் பார்த்தாள். தலைக்கு மேலே இருந்த நோட்டீசைப் பார்த்தாள். மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள். ஆஷ்லினுக்கு ஒரு வயது கூடியிருந்தாலும் அழுகிற முகம் மாறவில்லை. “புள்ள புடிக்கிறவன்!” என்று அம்சா போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

ஜூஸ் கடைக்காரர்தான் பாக்கியமேரியிடம் வந்து சொன்னார். “ஸ்டாண்டுல ஒருத்தன புடிச்சி வச்சிக்கினு இருக்காங்க மேடம். அந்த நோட்டீஸ் புள்ள கெடச்சிடுச்சாம்.”

அவள் ரோட்டைக் கடந்து ஓடினாள். கூட்டத்தின் நடுவில் தம்பி நின்றிருந்தான். சட்டை தோளில் கிழிந்து தொங்கியது. உதட்டில் ரத்தம். செல்போனில் வீடியோ எடுக்கிறவன் ஒருத்தன், எதற்கு அடிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே அடிக்கக் கையை ஓங்குகிறவன் ஒருத்தன். ஆஷ்லினை அம்சா இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பயப்படாத கண்ணு, ஒங்கம்மாகிட்ட சேத்துடுறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவளைக் கடித்துப் பார்த்தும் விடவில்லை.

“வுடுங்கடா அவன! அவன் என் தம்பி, அது அவன் பொண்ணு!”

“பாத்தியா, கூட்டாளி வந்துட்டா” என்றது ஒரு குரல்.

போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். நல்லவேளை, அவர் வந்ததும் அடி நின்றது. பாக்கியமேரி விவரத்தைச் சொன்னாள். தன் வெப்சைட்டில் ஒரு வருடத்துக்கு முன்பே எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்றாள். எல்லோருமாக ரோட்டைக் கடந்து அவள் கடைக்குப் போனார்கள். உள்ளே போலீஸ்காரரும் தம்பியும் பிள்ளையும். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம்.

கரண்ட் இருந்தது. அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். இணைப்பும் இருந்தது, ஆனால் ஊர்ந்தது. பக்கத்தின் தலைப்பு வந்தது. நின்றது. பிறகு லாட்டரிப் பட்டை மட்டும் முழுசாக, பளபளவென்று வந்தது. “இன்னா, லாட்டரியா?” என்றார் போலீஸ்காரர். “இருங்க சார், வரும்” என்றாள். வந்தது. ஒரேயடியாகக் கடைசியில் போய் நின்று, கருத்துகளைக் காட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“ஏம்மா, காணாமப் போவலன்னு நீ ஒருத்திதான் சொல்ற. இத்தினி பேரு காணோம்னுதானே எழுதியிருக்காங்க?”

பாக்கியமேரி மேலே எழுதியிருந்ததைக் காட்ட மவுஸை உருட்டினாள், பக்கம் நகரவில்லை. வாழ்நாளில் எத்தனையோ மடையர்களைப் பார்த்துக் குறிப்பு எழுதியவள். அத்தனை மடையர்களும் சேர்ந்து தன் வெப்சைட்டிலேயே குடியேறி, தனக்கு எதிராகச் சாட்சி சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“ஒன் பேரு இன்னா பாப்பா? பூஜாவா?”

“ஆஷ்லின். பூஜா யாரு? இது எங்க அப்பா. ஐஸ்கிரீம் வாங்கித் தரல, அழுதேன். நீங்கல்லாம் லூசா?”

“புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கான் சார்” என்றது வாசலில் ஒரு குரல்.

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். கையில் கிழித்து வைத்திருந்த நோட்டீசைப் பார்த்து, அதிலிருந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். காற்றுச் சத்தமும் அலைச் சத்தமும் கேட்டது. அதற்கு நடுவில் வீரமுத்துவின் குரல், மனப்பாடமாக ஒப்பிப்பதுபோல வந்தது: “கெடச்சிடுச்சிங்க, ரொம்ப நன்றி!”

“எப்பய்யா கெடச்சிது?”

“அது ஆச்சுங்க ஒரு வருசம். ஊட்ல நல்லா கீது. வைக்கிறேங்க.”

போலீஸ்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார். “அந்தப் புள்ள போன வருசமே கெடச்சிடுச்சாம். இது வேற புள்ள. கலைங்க, கலைங்க.”

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. ஒருத்தரும் சவரிநாதனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை ஓங்கியவன் பக்கத்துக் கடையில் நின்று சாத்துக்குடி ஜூஸ் குடித்துவிட்டுப் போனான். அம்சா மட்டும் தயங்கித் தயங்கி வந்து ஒரு கட்டு வெள்ளரிப் பிஞ்சைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். பாக்கியமேரி அதைத் தொடவில்லை. ஆஷ்லின் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றாள். சவரிநாதன் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சிரிப்பை அந்தப் பேருந்து நிலையத்தில் தொலைத்தான். அதன் பிறகு மகளோடு வெளியே போனால் ரேஷன் கார்டின் நகலைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனான்.

பாக்கியமேரி மறுநாள் வீரமுத்துவுக்குப் போன் செய்தாள். அவர் வழக்கம்போல “கெடச்சிடுச்சிங்க” என்று தொடங்கினார். “நான்தான்” என்றாள். நடந்ததைச் சொன்னாள். நன்றி என்ற வார்த்தை அவள் வாயில் பழக்கமில்லாத வார்த்தை, ஒரு மாதிரி மென்று சொன்னாள். “அதான் நான் அப்பவே சொன்னேனேம்மா” என்று அவர் ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள்.

நடந்த எல்லாவற்றையும் வெப்சைட்டில் எழுதினாள். அவள் எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான். நெய்வேலி வாசகர் நீளமாக மெயில் போட்டார். இரண்டு மாதம் கழித்து அதே கட்டுரை அவள் பெயர் இல்லாமல், ‘ஒரு சகோதரியின் கண்ணீர்க் கதை’ என்ற தலைப்பில், கடைசியில் ஒரு நீதியோடு, மெயிலில் அவளுக்கே வந்தது. அனுப்பியவர் முத்துசாமி. ‘படித்ததில் பிடித்தது’ என்று மேலே எழுதியிருந்தார்.

பிறகு எல்லோர் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்தது. கடையில் கம்ப்யூட்டர்களுக்கு ஆள் வரவில்லை. ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமுமாக வேலை மாறியது. இன்டர்நெட் கடைக்குள் இருந்தவரை, கதவைச் சாத்தினால் மடத்தனமும் உள்ளே பூட்டிக்கிடந்தது. இப்போது ஆளுக்கு ஆள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று எழுதினாள். சர்ச் வாட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் ‘பூஜா’ அங்கேயும் வந்தாள். அனுப்பியவருக்கு அவள் எழுதிய பதிலைப் பார்த்துவிட்டு அவளை நீக்கிவிட்டார்கள். நீக்கியது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பதினைந்து வயதில் ஆஷ்லினுக்கும் அந்தப் பழைய ‘காணவில்லை’ வந்து சேர்ந்தது, டியூஷன் குழுவில், கூடப் படிக்கிற பெண்ணின் அம்மா அனுப்பி. அவள் தன் முகத்தைப் படம் எடுத்து, ‘அது நான்தான், கணக்கு போட்டுக்கினு இருக்கேன்’ என்று அனுப்பினாள். பிறகு அத்தைக்குப் போன் செய்தாள்.

“அத்தை, என்னைத் திட்டுறாங்க. காணாமப் போன புள்ள விசயத்துல வெளயாடுறியான்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“கவுன் எனக்கு அப்பவே புடிக்கலன்னு சொன்னேன். குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க.”

“போனா போவட்டும்” என்றாள் பாக்கியமேரி. அன்றே ‘இந்தப் பிள்ளை காணாமல் போகவில்லை’ என்ற பக்கத்தை எடுத்துவிட்டாள். எல்லாக் கருத்துப் பெட்டிகளையும் மூடினாள். கூட்டம் நின்றது. பழைய நாலைந்து பேர் மட்டும் வந்துபோனார்கள்.

2018 மழைக்காலத்தில் முத்துசாமி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகையூர்ப் பக்கம் ஒரு பெரியவரைக் காணோமாம். மறதி உள்ளவராம், பெயர் ராயப்பன். “நோட்டீஸ் போடணும்மா” என்றார்.

“கீழ நம்பர் இருக்குதே, அதுல போன் போட்டுக் கேட்டீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? போட்டிருக்கானே.”

முத்துசாமியின் முகத்துக்கு எதிரிலேயே பொய்யை உடைத்துக் காட்டலாம் என்று பாக்கியமேரி நம்பரை அழுத்தினாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். “கெடச்சிட்டாருங்களா? அப்பா கெடச்சிட்டாரா? எங்க இருக்காரு?” என்றது ஒரு பெண் குரல். அழுதழுது தேய்ந்த குரல். பூத் வைத்திருந்த காலத்திலிருந்து போனில் அழுகிறவர்களைக் கேட்டவள் பாக்கியமேரி. எது அழுகை, எது பாசாங்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

“இல்லம்மா, கெடைக்கல” என்றாள். “நோட்டீஸ் போடப்போறோம். ஒங்கப்பா இன்னா சட்டை போட்டிருந்தாரு, சொல்லு.”

பெரியவரின் மகள் கோவிந்தம்மாள் சொல்லச் சொல்ல அடித்தாள். படம் மங்கலாக இருந்தது, நல்ல படம் கேட்டு வாங்கினாள். எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். தாளைக் கட்டுக்கட்டாக எடுத்து முத்துசாமி கையில் கொடுத்து, தானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினாள். திண்டிவனத்தில் அவர் ஒட்டினார். அவள் பஸ் ஏறிப்போய் விழுப்புரம் ரயில் நிலையத்திலும், கோலியனூரிலும், பாண்டி ரோட்டில் கண்டமங்கலம் வரைக்கும் ஒட்டினாள். முழங்கை வரை பசையோடு திரும்பிவந்தாள்.

மூன்றாம் நாள் கண்டமங்கலத்தில் இட்லிக் கடை வைத்திருந்த குப்பம்மாள் என்பவள், திரும்பத் திரும்ப வந்து தண்ணீர் வாங்கிக் குடித்த கிழவரை எதிர்ச்சுவரில் இருந்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்த ஒருத்தனிடம் போன் செய்யச் சொன்னாள். அவளிடம் போனே கிடையாது. அதனால்தான் சுவரைப் பார்த்திருக்கிறாள் என்பது பாக்கியமேரியின் முடிவு. கோவிந்தம்மாள் போனில் சிரித்துக்கொண்டே அழுதாள். பாக்கியமேரி, “சரி சரி, அவரு சட்டப் பையில நம்பர் எழுதி வை” என்று சொல்லிவிட்டு வைத்தாள். உடனே தன் வெப்சைட்டில், ‘ராயப்பன் கிடைத்துவிட்டார். யாரும் இனிமேல் அனுப்பாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டாள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் போட்டாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் அவள் போனில் ராயப்பன் மறுபடியும் காணாமல் போயிருந்தார். அனுப்பியவர் முத்துசாமி. பாக்கியமேரி அவரைக் கூப்பிட்டாள்.

“யோவ், அவரு கெடச்சிட்டாரு. நீயும் நானுந்தானே நோட்டீஸ் ஒட்டினோம்? அவங்க ஊட்டுக்குப் போயி காப்பி குடிச்சிட்டு வந்த இல்ல?”

“ஆமாம்மா, தெரியும்” என்றார் முத்துசாமி. “இருக்கட்டும், ஒரு சேஃப்டிக்கு.”